பிரிண்ட் எடுத்த பட்டா கம்ப்யூட்டரிலேயே தங்குகிறது

திங்கட்கிழமை காலையில் கிருஷ்ணகிரி கலெக்டர் ஆபீஸ் பக்கம் போனால் தெரியும். குறைதீர்க்கும் நாளில் மனு கொடுக்க வருகிறவர்கள் முதலில் ஜெராக்ஸ் கடையில்தான் நிற்பார்கள். மனு டைப் அடிக்க வேண்டும், பட்டா நகல் எடுக்க வேண்டும், ஆதார் பிரிண்ட் போட வேண்டும். இந்த மாதிரிக் கடைகளுக்கும் தருமபுரி பக்கத்துப் பள்ளி அலுவலகங்களுக்கும் நெட்வொர்க் வேலை பார்த்துக் கொடுக்கிறவன் நான். லைசன்ஸ் செலவில்லை, பழைய கம்ப்யூட்டரிலும் ஓடும் என்று பலர் விண்டோஸை விட்டு உபுண்டு, மின்ட் என்ற லினக்ஸ் வகைகளின் பக்கம் வந்துவிட்டார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் நெட்வொர்க் பிரிண்டரை இணைத்து டெஸ்ட் பேஜ் வந்ததும் அதோடு விட்டுவிடுகிறார்கள். நம்பிக் கொடுத்தவரின் காகிதம் அப்புறம் யார் கைக்குப் போகும் என்று பார்ப்பதில்லை.

இணைப்பது இப்போது பெரிய வேலையே இல்லை. லினக்ஸில் அச்சு வேலையைக் கவனிப்பது கப்ஸ் என்ற மென்பொருள். 1999-இல் வெளிவந்தது, ஆப்பிள் மேக்கிலும் அதுவே. பிரவுசரில் லோக்கல்ஹோஸ்ட் என்று அடித்து 631 என்ற போர்ட் எண்ணைச் சேர்த்தால் (localhost:631) அதன் பக்கம் திறக்கும். போர்ட் என்பது கம்ப்யூட்டரில் ஒரு சேவைக்கு உள்ள வாசல் எண். போனிலிருந்தே நேரடியாக அச்சிட உதவும் ஏர்பிரிண்ட் வசதியுள்ள பிரிண்டருக்குப் பெரும்பாலும் தனி டிரைவர் தேவைப்படாது.

தொந்தரவு ஐபி முகவரியில்தான், அதாவது நெட்வொர்க்கில் பிரிண்டருக்குக் கிடைக்கும் எண்ணில்தான் ஆரம்பிக்கும். கரண்ட் போய் வந்தால் ரூட்டர் பிரிண்டருக்கு வேறு முகவரி கொடுத்துவிடலாம். கம்ப்யூட்டரோ பழைய முகவரிக்கே அனுப்பிக்கொண்டிருக்கும். பிரிண்ட் வரவில்லையே என்று கடைப்பையன் நாலைந்து முறை கொடுப்பான். வந்தவர் காத்திருந்து பார்த்துவிட்டு அடுத்த கடைக்குப் போய்விடுவார். சாயங்காலம் யாராவது வந்து முகவரியைச் சரிசெய்ததும், பிரிண்ட் வரிசையில் தேங்கி நின்ற அத்தனையும் மளமளவென்று வெளியே வரும். ஒரு முதியோர் பென்ஷன் மனு, வங்கிக் கணக்கு எண்ணோடு, நாலு பிரதி. அங்கே நிற்கிறவர்கள் கண்ணில் படும். அப்புறம் பஜ்ஜி மடிக்கப் போகும். ரூட்டரில் பிரிண்டரின் மேக் முகவரிக்கு (அந்தக் கருவிக்கே உரிய மாறாத அடையாள எண்) ஒரு ஐபியை நிரந்தரமாக ஒதுக்கிவிட்டால் முகவரி மாறாது. பிரிண்ட் வராதபோது, மறுபடி கொடுக்கும் முன் வரிசையைத் திறந்து பழையதை ரத்து செய்யவும் பையன்களுக்குச் சொல்லிக்கொடுங்கள்.

ஒழுங்காக வந்த பிரிண்டிலும் ஒரு விஷயம் இருக்கிறது. அச்சிட்டு முடித்த கோப்பைக் கப்ஸ் உடனே அழிப்பதில்லை. அமைப்பை மாற்றாமல் விட்டால் 86,400 விநாடி, அதாவது ஒரு முழு நாள் வைத்திருக்கும். கப்ஸ் பக்கத்தின் ஜாப்ஸ் பகுதியில் முடிந்த வேலைகளைக் காட்டச் சொல்லிப் பாருங்கள். ஒவ்வொன்றோடும் 'ரீபிரிண்ட் ஜாப்' என்று ஒரு பட்டன் இருக்கும். அழுத்தினால் காலையில் வந்துபோனவரின் பட்டா மறுபடி வெளியே வரும். நம் கடைகளில் எல்லாரும் ஒரே லாகினில்தான் உட்காருகிறார்கள். பிரவுசிங் சென்டர் என்றால் வாடிக்கையாளரே உட்காருகிறார். கப்ஸ்டி.கான்ஃப் (cupsd.conf) என்ற அமைப்புக் கோப்பில் 'பிரிசர்வ்ஜாப்ஃபைல்ஸ்' என்ற வரிக்கு 'நோ' கொடுத்து (PreserveJobFiles No) கப்ஸை ரீஸ்டார்ட் செய்யுங்கள். பிரிண்ட் சரியாக விழாவிட்டால் கோப்பை மறுபடி திறக்க வேண்டுமே என்பார்கள் கடைக்காரர்கள். திறக்கட்டும். அடுத்தவர் சொத்து விவரம் அது.

அதே கப்ஸ் பக்கத்தின் அட்மினிஸ்ட்ரேஷன் பகுதியில் பிரிண்டரைப் பகிர, இன்டர்நெட்டிலிருந்து அச்சிட, வெளியிலிருந்து நிர்வகிக்க என்று அனுமதிக் கட்டங்கள் உண்டு. எதற்கும் இருக்கட்டும் என்று எல்லாவற்றிலும் டிக் போட்டு வைத்திருப்பார்கள். நெட்வொர்க் பிரிண்டருக்கு ஒவ்வொரு கம்ப்யூட்டரும் நேரடியாகவே அனுப்பலாம் என்பதால் முதல் டிக் பெரும்பாலும் தேவையில்லை. மற்ற இரண்டும் கடைக்கு வேண்டவே வேண்டாம்.

2024 செப்டம்பரில் சிமோனே மார்கரிடெல்லி என்ற ஆய்வாளர் ஒரு ஓட்டையை வெளியிட்டார். நெட்வொர்க்கில் உள்ள பிரிண்டர்களைத் தானாகத் தேடிச் சேர்க்க கப்ஸோடு வரும் 'கப்ஸ்-பிரவுஸ்டு' (cups-browsed) என்ற சேவை, 631 யுடிபி போர்ட்டில் யார் தகவல் அனுப்பினாலும் நம்பிப் புதுப் பிரிண்டரைச் சேர்த்துக்கொண்டது. அந்தப் போலிப் பிரிண்டருக்கு நாம் ஒரு பிரிண்ட் கொடுத்தால் எதிராளியின் கட்டளை நம் கம்ப்யூட்டரில் ஓடும். திருத்தம் வந்துவிட்டது, ஆகவே அப்டேட்டைத் தள்ளிப்போடாதீர்கள். பிரிண்டருக்கு நிலையான முகவரி கொடுத்துக் கையால் சேர்த்திருந்தால், அந்தச் சேவையையே நிறுத்திவிடலாம்.

கடைசியாகப் பிரிண்டர். அதற்குள்ளும் ஒரு வலைப்பக்கம் உண்டு. அதன் அட்மின் பாஸ்வேர்டை மாற்றுங்கள். பல பிரிண்டர்கள் 9100 போர்ட்டில் பாஸ்வேர்டே கேட்காமல் வருவதையெல்லாம் அச்சிடும். வாடிக்கையாளருக்கு வைஃபை கொடுக்கிற கடை என்றால் ரூட்டரில் கெஸ்ட் நெட்வொர்க்கை, அதாவது வந்துபோகிறவர்களுக்கான வைஃபையைத் தனியாகப் போடுங்கள். அப்புறம் உங்கள் போனை அந்த கெஸ்ட் வைஃபையில் இணைத்து, பிரவுசரில் பிரிண்டரின் ஐபியை அடியுங்கள். பக்கம் திறந்தால் நெட்வொர்க் இன்னும் பிரியவில்லை. ரூட்டர் அமைப்பை மறுபடி பாருங்கள்.