கிறிஸ்துமஸை எப்படி முடிச்சாங்க? இடைக்கால இங்கிலாந்தோட ஜனவரி கணக்கு

கிறிஸ்துமஸ்னா டிசம்பர் 25ன்னு ஒரு நாளா தான் இப்ப எல்லாரும் பாக்கறோம், ஆனா இடைக்கால இங்கிலாந்துல அன்னிக்கு தான் கொண்டாட்டமே ஆரம்பிக்கும். அதுக்கு முன்னாடி அட்வெண்ட் காலம், விரதம், இறைச்சி தொடக்கூடாது. 25ஆம் தேதி விரதம் முடிஞ்சதும் அங்கேர்ந்து 12 நாள் ஓடி ஜனவரி 6ல எபிபனி வரும், நம்ம கத்தோலிக்கர்கள் மூணு ராஜா திருநாள்னு சொல்றாங்களே அதே தான். இந்த 12 நாளையும் ஒரே திருநாள் காலமா 567லயே இப்போதைய பிரான்ஸ்ல இருக்கற டூர் நகரத்துல கூடின சர்ச் கவுன்சில் சொல்லிடுச்சு, 9ஆம் நூற்றாண்டு கடைசில ஆல்ஃப்ரெட் ராஜா போட்ட சட்டத்துல அடிமை இல்லாத ஆம்பளைங்களுக்கு கிறிஸ்துமஸுக்கு 12 நாள் லீவுன்னே எழுதியிருக்கு. அடிமைகளுக்கு அந்த லீவு இல்ல, அதையும் சொல்லிடணும்.

சரி, 12 நாள் ஒரு ஊரே வேலையை விட்டுட்டு சாப்பிட்டு குடிச்சுட்டு இருக்குன்னா அதை எப்படி நிறுத்தறது? நிறுத்தறதுக்குன்னு தனியா ஒரு ஏற்பாடே இருந்துச்சு. ஒரே நாள்ல டக்குன்னு முடிக்காம படிப்படியா இறக்குவாங்க, ஜனவரி 5 ராத்திரி பெரிய விருந்து, 6 காலைல சர்ச், அதுக்கடுத்து வர்ற திங்கட்கிழமை ஏர் திருநாள், கடைசியா பிப்ரவரி 2 மெழுகுவர்த்தி திருநாள். ஒவ்வொரு படியும் மண்ணு, வெளிச்சம், கையிருப்பு இந்த மூணுல ஏதோ ஒண்ணோட பொருந்தியிருக்கு, அதனால தான் இது வெறும் சடங்கு இல்ல, ஒரு குளிர் தேசம் தன்னோட வருஷத்தை நடத்தின விதம்னு நான் நம்பறேன்.

மொதல்ல குளிரை புரிஞ்சுக்கணும். வருஷத்துலயே பகல் ரொம்ப குறையற நாள் இப்போதைய காலண்டர்ல டிசம்பர் 21 வாக்குல, லண்டன்ல அன்னிக்கு பகல் 7 மணி 50 நிமிஷம் தான். ஆனா அன்னிக்கு தான் குளிர் உச்சம்னு நெனச்சா தப்பு, நெலமும் கடலும் கோடைல வாங்கி வெச்ச வெப்பத்தை மெதுவா தான் விடும், பகல் கொஞ்சம் கொஞ்சமா நீள ஆரம்பிச்ச பிறகும் தெனம் உள்ள வர்றதை விட வெளிய போற வெப்பம் தான் அதிகம், அதனால இங்கிலாந்துல ஜனவரியும் பிப்ரவரியும் தான் நடுங்க வைக்கற மாசம். அதாவது விருந்து முடியற நேரத்துல தான் மோசமான காலமே தொடங்குது. நவம்பர் 11 செயிண்ட் மார்ட்டின் நாள் வாக்குல வெட்டி உப்பு போட்டு வெச்ச இறைச்சி குறைஞ்சுட்டே வரும், புது பயிர் வர இன்னும் பல மாசம் இருக்கு, அதனால "இன்னியோட போதும்"னு ஊருக்கே ஒரு தேதி தேவைப்பட்டுச்சு.

அந்த தேதி தான் ட்வெல்த் நைட். அந்த காலத்துல திருநாள்ங்கறது முந்தின நாள் பொழுது சாய்ஞ்சதுமே ஆரம்பிச்சுடும், அதனால 12ஆவது நாளோட ராத்திரின்னா 5ஆம் தேதி ராத்திரின்னு வரும், 6ஆம் தேதி தான்னு சொல்றவங்களும் இருக்காங்க, அந்த சண்டை இன்னிக்கும் முடியல.

அன்னிக்கு ராத்திரி எனக்கு ரொம்ப பிடிச்ச விஷயம் பீன்ஸ் ராஜா. தேன், மசாலா போட்ட பெரிய கேக், இன்னிக்கு பேக்கரில கிடைக்கற கேக் மாதிரி இல்ல, ஈஸ்ட் போட்டு பொங்க வெச்ச இனிப்பு ரொட்டின்னு வெச்சுக்கங்க, அதுக்குள்ள காய்ஞ்ச பீன்ஸ் கொட்டை ஒண்ணை போட்டு சுட்டுடுவாங்க, அது அடுப்பு சூட்டுக்கும் உருக்குலையாது. கேக்கை துண்டு போட்டு கொடுக்கறப்போ யார் துண்டுல கொட்டை வருதோ அவர் தான் அன்னிக்கு ராஜா, அவர் சொல்றது தான் சட்டம், அவர் குடிச்சா எல்லாரும் குடிக்கணும். இது அரண்மனைலயும் நடந்துச்சு, 14ஆம் நூற்றாண்டு தொடக்கத்துல ரெண்டாம் எட்வர்ட் ராஜாவோட வீட்டுக் கணக்குல பீன்ஸ் ராஜாவா ஆனவருக்கு வெள்ளிப் பாத்திரம் பரிசு கொடுத்ததா பதிவு இருக்கு.

இதுல ஒரு அழகான கணக்கு இருக்கு பாருங்க. 20 துண்டுன்னா மொதல்ல எடுக்கறவருக்கு வாய்ப்பு 20ல 1. ரெண்டாவது ஆளுக்கு? மொதல் ஆளுக்கு கிடைக்காம இருக்க 20ல 19, அப்புறம் மிச்சம் 19ல 1, ரெண்டையும் பெருக்கினா திரும்ப 20ல 1 தான் வருது. இப்படியே போனா கடைசில எடுக்கற வேலைக்காரனுக்கும் அதே 20ல 1. மேஜைல யார் எங்க உக்காரணும், யாருக்கு மொதல்ல பரிமாறணும்னு எல்லாத்துக்கும் அந்தஸ்து பாத்த ஒரு சமூகத்துல, வரிசை எப்படி இருந்தாலும் எல்லாருக்கும் ஒரே வாய்ப்பு கொடுக்கற ஒரே விஷயம் அந்த கேக். ஒரு ராத்திரிக்கு யார் வேணா ராஜா ஆகலாம், அதே நேரத்துல விடிஞ்சா முடிஞ்சுடும்னும் எல்லாருக்கும் தெரியும், அதுவே லீவு முடியற அறிவிப்பு. இந்த தலைகீழ் விளையாட்டு இல்லாம இருந்திருந்தா மறுநாள் திரும்ப அதே பண்ணைக்கு கூலியில்லா வேலைக்கு போறது இன்னும் கசப்பா இருந்திருக்கும்னு தோணுது.

அடுத்தது வாசெய்ல். நல்லா இருன்னு வாழ்த்தி பெரிய மரக் கிண்ணத்துல சூடா குடிக்கறது. ஏழாம் ஹென்றியோட அரண்மனை விதிகள்ல, 1494ல எழுதினது, ட்வெல்த் நைட் அன்னிக்கு இது எப்படி நடக்கணும்னு அப்படியே இருக்கு, அரண்மனை வேலைகளை மேற்பார்வை பாக்கற ஸ்டூவர்ட்ங்கற அதிகாரி கிண்ணத்தோட ஹாலுக்குள்ள வந்ததும் மூணு தடவை "வாசெய்ல்"னு கத்தணும், அரண்மனை சேப்பல் பாடகர்கள் ஒரு நல்ல பாட்டால பதில் சொல்லணும். கிண்ணத்துக்குள்ள பொதுவா சூடான ஏல் (ஒரு வகை பீர்), சர்க்கரை, ஜாதிக்காய், இஞ்சி. அதுல சுட்ட ஆப்பிளை போட்டா அதுக்கு ஆட்டுக்குட்டி ரோமம்னு பேரு, ஏன்னா நெருப்புல ஆப்பிள் வேகறப்போ உள்ள இருக்கற தண்ணி ஆவியாகி தோலை கிழிக்கும், செல்களை ஒட்டி வெச்சிருக்கற பெக்டின் சூட்டுல கரைஞ்சு சதை தனித்தனியா பிரிஞ்சு வெள்ளை வெள்ளையா பொங்கி மேல மிதக்கும். அந்த காலத்து இங்கிலீஷ் ஏல்ல ஹாப்ஸ், அதாவது பீர் கெடாம இருக்க போடற கசப்புப் பூ, போட மாட்டாங்க, ஹாப்ஸ் பரவலானதே 15ஆம் நூற்றாண்டுக்கு அப்புறம், அது இல்லாத ஏல் கொஞ்ச நாள்ல புளிச்சுடும், அதனால சேத்து வெக்க முடியாது, காய்ச்சினதை குடிச்சே தீக்கணும். சோமர்செட்ல நார்த் கரி பண்ணைல 14ஆம் நூற்றாண்டுல குடியானவங்களுக்கு கொடுத்த கிறிஸ்துமஸ் விருந்துல குடிக்கற நேரத்துக்கு கணக்கு வெச்சது 2 மெழுகுவர்த்தி, ஒண்ணு முடிஞ்சு இன்னொண்ணு எரிஞ்சு அணையற வரைக்கும் உக்காந்து குடிக்கலாம்.

ஆப்பிள் தோட்டத்துக்கு போய் மரத்துக்கே வாசெய்ல் சொல்றதும் உண்டு, வேர்ல சைடர் (ஆப்பிள் சாறை புளிக்க வெச்ச மது) ஊத்தி, சைடர்ல ஊறின ரொட்டித் துண்டை கிளைல மாட்டி, பாத்திரத்தை தட்டி சத்தம் போட்டு மரத்தை எழுப்பறது. இதுக்கு தெளிவான ஆரம்ப பதிவு 1585ல கெண்ட்ல ஃபோர்ட்விச்ங்கற ஊர்ல, அதனால இதை கண்டிப்பா இடைக்கால வழக்கம்னு சொல்றதுல எனக்கு சம்மதம் இல்ல. ஆனா மரத்தை எழுப்பணும்ங்கற எண்ணத்துல ஒரு உண்மை ஒளிஞ்சிருக்கு. ஆப்பிள் மரம் குளிர்காலத்துல நெஜமாவே உறங்குது, பல ரகத்துக்கு 7 டிகிரிக்கு கீழ ஆயிரம் மணி நேரத்துக்கு பக்கத்துல குளிர் கிடைச்சா தான் மொட்டு ஒழுங்கா விரியும், குளிர் பத்தலைன்னா பூ ஒரே சமயத்துல வராம அங்கொண்ணு இங்கொண்ணுன்னு வரும். ஜனவரி நடுவுல இந்த குளிர் கணக்கு ஓடிட்டே இருக்கும். சத்தம் மரத்துக்கு ஒண்ணும் பண்ணாது, தேவையான வேலையை குளிரே பண்ணிட்டு இருக்கு.

எபிபனி முடிஞ்ச மொதல் திங்கட்கிழமை ப்ளவ் மண்டே, முன்னாடி சொன்ன ஏர் திருநாள். இது கிழக்கு இங்கிலாந்துல, நார்ஃபோக், லிங்கன்ஷயர் பக்கமெல்லாம் ரொம்ப பலமா இருந்துச்சு, 15ஆம் நூற்றாண்டுலேர்ந்து பதிவு கிடைக்குது. ஏரை அலங்காரம் பண்ணி வாலிபப் பசங்க ஊர் பூரா இழுத்துட்டு போய் வீடு வீடா காசு கேப்பாங்க, அந்த காசுல சர்ச்ல ஏர் விளக்குன்னு ஒரு விளக்கு எரிஞ்சுட்டே இருக்கும், ஏர்க்காரங்களுக்குன்னு கில்டு, அதாவது சங்கம் கூட இருந்துச்சு, நார்ஃபோக்ல காவ்ஸ்டன் சர்ச்ல ஏர் வாழ்கன்னு செதுக்கின மர கேலரி இன்னிக்கும் நிக்குது. காசு கொடுக்காத வீட்டு வாசலை உழுதுட்டு போயிடுவாங்கன்னு பிற்கால பதிவுகள் சொல்லுது.

ஏன் ஜனவரில ஏர்? நெலத்தை மூணா பிரிச்சு ஒண்ணுல இலையுதிர் காலத்துல கோதுமை இல்லன்னா ரை, ஒண்ணுல வசந்தத்துல பார்லி, ஓட்ஸ், பட்டாணி, பீன்ஸ், மூணாவது தரிசு, இப்படி பல ஊர்ல நடந்துச்சு. வசந்த விதைப்பு மார்ச்ல வரும், அதுக்கு முன்னாடி அந்த கனமான களிமண்ணை புரட்டி போட்டுடணும். இங்க தான் குளிர் உதவிக்கு வருது. தண்ணி பனிக்கட்டி ஆகறப்போ சுமார் 9 சதவீதம் விரியும், ஃப்ரீசர்ல நிரப்பி வெச்ச கண்ணாடி பாட்டில் வெடிக்கற அதே காரணம் தான், புரட்டி போட்ட கட்டிக்குள்ள இருக்கற ஈரம் ராத்திரி உறைஞ்சு பகல்ல உருகி திரும்ப உறைஞ்சு பெரிய கட்டியை உள்ளேர்ந்தே பிளந்து பொடியாக்கிடும். மனுஷனும் மாடும் சேந்து உடைக்க முடியாத மண்ணை பனி உடைக்குது. லீவை இன்னும் மூணு வாரம் நீட்டியிருந்தா அத்தனை உறைபனி ராத்திரியும் வீணா போயிருக்கும், விதைக்கற நேரத்துல கட்டி கட்டியா கிடக்கும். அதனால திருநாளோட வால்லயே ஏரை கட்டி விட்டாங்க, வேலைக்கு திரும்பறதையும் ஒரு கொண்டாட்டமா மாத்திட்டாங்க, இதை விட புத்திசாலித்தனமான ஏற்பாடு எனக்கு தோணல.

பொம்பளைங்களுக்கு இதுக்கு முன்னாடியே, ஜனவரி 7லயே, நூல் நூக்கற வேலை ஆரம்பிச்சுடும், அன்னிக்கு ஆம்பளைங்க சணலை கொளுத்தி விளையாடறதும் பொம்பளைங்க வாளி தண்ணியை அவங்க மேல ஊத்தறதும் 17ஆம் நூற்றாண்டு கவிதை ஒண்ணுல வருது.

கடைசி படி பிப்ரவரி 2, கேண்டில்மாஸ். டிசம்பர் 25லேர்ந்து எண்ணினா 40ஆவது நாள், யூத சட்டப்படி ஆம்பளைப் பிள்ளை பெத்த தாய் 40 நாள் கழிச்சு கோயிலுக்கு போகணும், மரியா அப்படி போன நாள் இது. ஊர் மொத்தமும் ஆளுக்கொரு மெழுகுவர்த்தி எடுத்துட்டு வந்து சர்ச்ல ஆசீர்வாதம் வாங்கி கையில ஏத்தி ஊர்வலம் போவாங்க. இந்த மெழுகுவர்த்தி தேன்மெழுகுல செஞ்சது, வீட்ல தெனம் எரிக்கறது ஆட்டுக்கொழுப்பு திரி. வித்தியாசம் மூக்குக்கே தெரியும், கொழுப்புல கிளிசரால் சேந்திருக்கு, அது சூட்டுல உடைஞ்சு அக்ரோலின்னு கண்ணை எரிக்கற புகை வரும், தேன்மெழுகுல அந்த கிளிசரால் கெடையாது, 62 டிகிரிக்கு மேல தான் உருகும், அதனால கையில பிடிச்சாலும் சட்டுன்னு வளையாது, சுத்தமா எரியும். வருஷம் பூரா கொழுப்புப் புகைல இருந்த குடும்பத்துக்கு சர்ச் நிறைய தேன்மெழுகு வாசனைங்கறது எப்பேர்ப்பட்ட அனுபவமா இருந்திருக்கும்! ஆசீர்வதிச்ச மெழுகுவர்த்தியை வீட்டுக்கு கொண்டு வந்து பத்திரப்படுத்தி இடி மின்னல் நேரத்துலயும் சாகக் கிடக்கறவங்க பக்கத்துலயும் ஏத்துவாங்க.

வெளிச்சமும் அதுக்குள்ள நிஜமாவே திரும்பியிருக்கும், இப்போதைய காலண்டர்ல பிப்ரவரி 2ல லண்டன் பகல் 9 மணி நேரத்துக்கு மேல. பச்சை அலங்காரமும், ஹாலி, ஐவி எல்லாம், 17ஆம் நூற்றாண்டுல கூட கேண்டில்மாஸுக்கு முந்தின நாள் வரைக்கும் இருந்திருக்கு, ஜனவரி 5க்குள்ள எடுக்கலைன்னா ஆகாதுன்னு சொல்றது அதுக்கு அப்புறம் வந்த பேச்சு. விவசாயிக்கு இது இருப்பு பாக்கற நாளும் கூட, கேண்டில்மாஸ் அன்னிக்கு வைக்கோல்ல பாதி மிச்சம் இருக்கணும்னு பழமொழியே உண்டு.

இதையெல்லாம் 16ஆம் நூற்றாண்டுல கத்தோலிக்க சடங்குகளை எதிர்த்து வந்த மதச் சீர்திருத்தம் ஒண்ணொண்ணா அணைச்சுடுச்சு, எட்டாம் ஹென்றி 1538ல போட்ட உத்தரவால ஏர் விளக்கு போச்சு, 1548ல கேண்டில்மாஸ் மெழுகுவர்த்திக்கும் தடை. ஜனங்க ஏரை இழுக்கறதை மட்டும் விடல.

இன்னொரு விஷயம், தேதியே நகர்ந்துடுச்சு. அன்னிக்கு இருந்த ஜூலியன் காலண்டர்ல வருஷத்துக்கு 365.25 நாள், சூரியனோட வருஷம் அதை விட சுமார் 11 நிமிஷம் கம்மி, 128 வருஷத்துக்கு ஒரு நாள் தள்ளிப்போகும். 1400 வாக்குல பகல் ரொம்ப குறைஞ்ச நாள் டிசம்பர் 13 பக்கம் வந்துட்டு இருந்துச்சு, அன்னிக்கு அவங்க ஜனவரி 6ன்னு சொன்னது சூரியன் கணக்குல நம்ம ஜனவரி 14. அதாவது அவங்க விருந்து முடிக்கறப்போ சாயங்காலம் நீள்றது கண்ணுக்கே தெரிஞ்சிருக்கும். 1752ல பிரிட்டன் காலண்டரை மாத்தி செப்டம்பர் 2க்கு அடுத்த நாள் 14ன்னு 11 நாளை தூக்கினப்போ, சோமர்செட்ல சிலர் ஜனவரி 6ல 11ஐ கூட்டி 17ஆம் தேதியை பழைய ட்வெல்த் நைட்னு வெச்சுக்கிட்டாங்க. இன்னிக்கு ரெண்டு காலண்டருக்கும் வித்தியாசம் 13 நாள், கணக்குப்படி தேதி மாறியிருக்கணும், ஆனா கார்ஹாம்ப்டன் கிராமத்துல இன்னும் ஜனவரி 17 அன்னிக்கு தான் ஆப்பிள் மரத்தடில சைடர் ஊத்தறாங்க.