ஒற்றைத் தண்டவாளத்தில் எதிரெதிர் ரயில்கள்: மலேசியக் காட்டுப் பாதையின் சாவிக் கணக்கு

மலேசியாவின் கிழக்குக் கரை ரயில் பாதை நெகிரி செம்பிலானில் உள்ள கெமாஸில் பிரிகிறது. பகாங்கின் ஜெராண்டுட், கோலா லிப்பிஸ், கிளந்தானின் குவா மூசாங் என்று காட்டுக்குள்ளேயே ஏறி, வடக்கே தும்பாட்டில் போய் முடிகிறது. மொத்தம் 526 கிலோமீட்டர். பயணிகள் இதற்கு வைத்த பெயர் ‘ஜங்கிள் ரயில்’.

1931இல் முழுப் பாதையும் இணைந்தது. மீட்டர் கேஜ் (ஒரு மீட்டர் அகலப் பாதை), ஒற்றைத் தண்டவாளம்; இப்போது ஓடுவது டீசல் எஞ்சின். இரண்டாவது தண்டவாளம் போடுவதென்றால் குன்றுகளை இன்னும் அகலமாக வெட்ட வேண்டும், ஒவ்வொரு ஆற்றிலும் பாலத்தைப் பெரிதாக்க வேண்டும். கிளந்தான் ஆற்றின் மேல் 1925இல் திறந்த கில்லெமார்ட் பாலத்தை 1941இல் பின்வாங்கிய பிரிட்டிஷ் படையே தகர்த்தது. அப்புறம் ஜப்பானியர் இந்தப் பாதையின் தண்டவாளங்களைப் பெயர்த்துச் சயாம்–பர்மா ரயிலுக்குக் கொண்டுபோனார்கள். மலாயாத் தோட்டங்களிலிருந்து பிடித்துச் செல்லப்பட்ட தமிழர்கள் ஆயிரக்கணக்கில் மாண்டது அந்த ரயிலுக்காகத்தான். போருக்குப் பின் மீண்டும் போட்டபோதும் ஒற்றைப் பாதையாகவே போட்டார்கள்.

சரி, ஒரே தண்டவாளத்தில் வடக்கேயிருந்து ஒரு ரயிலும் தெற்கேயிருந்து ஒரு ரயிலும் வந்தால்? வளைவுகளும் மரங்களும் மறைக்கும் பாதையில் எதிரே வருவது தெரிந்து பிரேக் போடுவதற்குள் காலம் கடந்துவிடும். ஆகவே பாதையைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒரு துண்டுக்குள் ஒரே சமயத்தில் ஒரு ரயில்தான் என்று விதி வைத்தார்கள். துண்டின் இரு முனையிலும் ஒரு நிலையம், அங்கே ரயில்கள் விலகிக்கொள்ள ஒரு லூப் லைன். சுற்றிலும் ஊரே இல்லாத இடத்தில்கூட நிலையம் இருப்பதற்கு இது ஒரு காரணம்.

விதியை மனிதர்கள் மறக்கலாம். 1874இல் இங்கிலாந்தின் தார்ப் என்ற இடத்தில் தந்திச் செய்தி குழம்பியதால், ஒற்றைப் பாதையில் இரண்டு ரயில்கள் நேருக்கு நேர் மோதி 25 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் எட்வர்ட் டயர் என்பவர் 1878இல் மின்சாரப் பூட்டு போட்ட வில்லைக் கருவியை உருவாக்கினார்; துண்டுக்குள் போக அனுமதியாக ஓட்டுநரிடம் தரும் வட்டத் தகடுதான் வில்லை. அதன் வழிவந்ததுதான் காட்டுப் பாதையில் நெடுங்காலம் புழங்கிய சாவி டோக்கன்.

இரண்டு நிலையங்களிலும் ஒவ்வொரு கருவி இருக்கும். இரண்டையும் கம்பி இணைக்கும். உள்ளே பல உலோகச் சாவிகள். அந்தத் துண்டுக்குரிய சாவி கையில் இல்லாமல் ஓட்டுநர் ரயிலை நகர்த்தக் கூடாது. சாவியை எடுக்க நிலைய அதிகாரி மணிக் குறியீடு அனுப்பி அனுமதி கேட்பார். மறுமுனையில் இருப்பவர் பொத்தானை அழுத்திப் பிடித்து மின்னோட்டம் அனுப்பினால்தான் இங்கே பூட்டு விடுபடும்.

சூட்சுமமே இனிமேல்தான். சாவி வெளியே வரும்போது கருவிக்குள் இருக்கும் சுழல் இணைப்பான் மின்னோட்டத்தின் திசையை மாற்றிவிடுகிறது. இப்போது இரண்டு கருவிகளும் ஒன்றுக்கொன்று முரண். முரண்பட்ட நிலையில் எந்த முனையிலும் அடுத்த சாவி வராது. ரயில் போய்ச் சேர்ந்து, சாவியை அங்குள்ள கருவியில் போட்டதும் அதன் திசையும் மாறும். மறுபடி இரண்டும் ஒத்துப்போகும். மாடிப்படி விளக்குக்குக் கீழே ஒன்று மேலே ஒன்று என்று சுவிட்ச் வைப்பார்களே, அதே தர்க்கம்தான்.

கருவிக்கு எத்தனை சாவி உள்ளே இருக்கிறது என்று தெரியாது. ஒற்றையா இரட்டையா என்பது மட்டுமே தெரியும். ஒரு திசையில் அதிக ரயில்கள் போனால் சாவிகள் ஒரு பக்கமே சேர்ந்துவிடும். அப்போது சிக்னல் பராமரிப்பாளர் வந்து கருவியைத் திறந்து சிலவற்றை மறுபக்கம் கொண்டுபோய்ப் போடுவார், ஆனால் எப்போதும் இரட்டைப்படையில்தான். ஒற்றைப்படையில் எடுத்தால், அவை மறுபக்கம் போய்ச் சேரும்வரை இரண்டு கருவிகளும் முரண்பட்டு, துண்டு முழுவதும் பூட்டிக்கொள்ளும். கணினி வருவதற்கு வெகுகாலம் முன்பே செம்பும் இரும்பும் போட்ட கணக்கு இது. இதைவிட அழகான பாதுகாப்புக் கருவியை நான் ரயில்வேயில் கண்டதில்லை.

பக்கத்துத் துண்டின் சாவியைத் தவறிப் போட்டுவிட்டால்? அடுத்தடுத்த துண்டுகளின் சாவிகளை வேறு வேறு வடிவில் செய்திருப்பதால், அது உள்ளேயே நுழையாது.

இதற்கு விலை நேரம். ஒரு துண்டைக் கடக்க 20 நிமிடம் என்று வைத்துக்கொண்டால், மணிக்கு இரு திசையும் சேர்த்து மூன்று ரயிலுக்கு மேல் போக முடியாது; சாவி மாற்றும் நேரத்தையும் சேர்த்தால் அதற்கும் குறைவு. ஒரு ரயில் தாமதமானால் எதிரே வரவேண்டியது லூப் லைனில் காத்துக் கிடக்கும், அந்தத் தாமதம் அடுத்தடுத்த நிலையங்களுக்கும் பரவும். எந்தச் சாவிக்கும் கட்டுப்படாதது வெள்ளம்: 2014 டிசம்பரில் கெமுபு பாலம் அடித்துச் செல்லப்பட்டு, முழுப் பாதையும் மீள மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஆனது.

சாவிக்குத் தெரியாதது ஒன்று உண்டு. எஞ்சின் வந்து சேர்ந்ததை அது சொல்லும், ரயில் முழுவதும் வந்ததா என்று சொல்லாது. நடுவில் இணைப்பு அறுந்து இரண்டு பெட்டிகள் காட்டிலேயே நின்றுவிட்டால்? அதனால்தான் கடைசிப் பெட்டியின் வால் அடையாளத்தைக் கண்ணால் பார்த்த பிறகே பாதை காலி என்று அறிவிப்பார்கள். இன்றைய ரயில் பாதைகளில் அந்தக் கண்ணின் வேலையை அச்சு எண்ணும் கருவிகள் செய்கின்றன: துண்டுக்குள் நுழைந்த சக்கர அச்சுகளும் வெளியேறியவையும் சரிக்குச் சரியாக இருந்தால்தான் அடுத்த ரயிலுக்குச் சிக்னல் விழும்.