விஷுவல் மெர்ச்சண்டைசிங் என்றால் கடைவிரிப்பு

பெங்களூரு கமர்ஷியல் தெருவில் ஒரு துணிக்கடையில் எனக்கு வேலை. முகப்புக் கண்ணாடிக்குள் எந்தப் புடவை நிற்க வேண்டும், வாசல் தாண்டி வருபவர் கண்ணில் முதலில் எது பட வேண்டும், எதை எந்த உயரத்தில் அடுக்க வேண்டும், விளக்கு எங்கே விழ வேண்டும் என்பதெல்லாம் என் பொறுப்பு. இதற்கு ஆங்கிலத்தில் விஷுவல் மெர்ச்சண்டைசிங் என்று பெயர். கடைக்குள் அவ்வளவு நீளமாக யாரும் சொல்வதில்லை. 'வீஎம்' என்றால் போதும். தமிழ், கன்னடம், இந்தி, எந்தப் பேச்சுக்குள்ளும் அந்த இரண்டு எழுத்து அப்படியே வந்து உட்கார்ந்துகொள்ளும்.

நம் ஊர் ஆடித் தள்ளுபடி போல இங்கே ஆஷாடத் தள்ளுபடி. போன வருஷம் அதற்குக் கொஞ்சம் முன்னால் கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து ஒரு பெண் புதிதாக வேலைக்குச் சேர்ந்தாள். மூன்றாம் நாள் கேட்டாள்: "அக்கா, எல்லாரும் வீஎம் வீஎம்னு சொல்றாங்களே, அப்படின்னா என்னக்கா?"

"சரக்கை நல்லாப் பார்வைக்கு வெச்சு, பாக்குறவங்களுக்கு வாங்கணும்னு தோண வைக்கிறதும்மா."

அவள் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "ஓ, கடை விரிக்கிறதா?" என்றாள்.

நான் பத்து வருஷமாகச் செய்யும் வேலைக்கு அவள் வாயிலிருந்துதான் தமிழ்ப் பெயர் கேட்டேன். அன்றிலிருந்து இந்தச் சொல்லை விடாமல் துருவிக்கொண்டிருக்கிறேன். துருவத் துருவ, அவள் சொன்னதுதான் சரியான சொல் என்ற நம்பிக்கை கூடிக்கொண்டே போகிறது.

முதலில் ஆங்கிலச் சொல்லைப் பார்ப்போம். 'விஷுவல்' என்பதன் வேர், லத்தீனில் 'பார்' என்று பொருள்படும் வினை. 'மெர்ச்சண்டைஸ்' பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. அதற்கும் அடியில் இருப்பது சரக்கைக் குறிக்கும் 'மெர்க்ஸ்' என்ற லத்தீன் சொல். மார்க்கெட், மெர்ச்சண்ட், காமர்ஸ் எல்லாம் அதே குடும்பம். ஆக, சொல்லைப் பிரித்தால் கிடைப்பது 'பார்வை வழியாகச் சரக்கு விற்பது', அவ்வளவுதான். இந்தத் தொடர் 20ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில்தான் பரவியது. அதுவரை கடைக்காரர்கள் 'டிஸ்ப்ளே' என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

எனக்கு அந்தப் பழைய சொல்தான் பிடிக்கும். 'டிஸ்ப்ளே'யின் லத்தீன் வேரில் 'பிளிகாரே' என்ற வினை இருக்கிறது. மடிப்பது என்று பொருள். முன்னால் 'டிஸ்' சேர்ந்தால் மடித்ததைப் பிரிப்பது, அதாவது விரிப்பது. கிருஷ்ணகிரிப் பெண் சொன்னதும் அதேதான். ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாத இரண்டு மொழிகள், சரக்கைக் காட்டும் வேலையை ஒரே கையசைவிலிருந்து பெயரிட்டிருக்கின்றன.

அந்தக் கையசைவைப் பார்க்க வேண்டுமானால் சிக்பேட்டைக்குள் போக வேண்டும். பட்டுக்கடைகளில் இன்னும் சிலவற்றில் வெள்ளைத் துணி போட்ட மெத்தைதான். செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார வேண்டும். எதிரில் விற்பவர் ஒரு புடவையை எடுப்பார். அதன் மடிப்பிலேயே பாதி வேலை முடிந்திருக்கும். கரையும் முந்தியின் ஓரமும் மேலே தெரியும்படி மடித்து, உடலை உள்ளே ஒளித்து வைத்திருப்பார்கள். இடது கையால் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு வலது கையால் ஒரு வீச்சு. புடவை மெத்தை மேல் அலை போல ஓடி வந்து நம் முழங்காலில் முட்டி நிற்கும். முந்தி நம் பக்கம் திரும்பியிருக்கும், தவறவே தவறாது. அடுத்ததை அதன் மேலேயே போடுவார், ஆனால் முந்தையது முழுக்க மறையாது. மாம்பழ நிறத்துக்கு மேல் மயில்கழுத்து, அதற்கு மேல் அரக்கு. பத்தாவது புடவை விழும்போது முன்னால் கிடக்கும் குவியலே ஒரு காட்சியாகிவிடும். இன்று முகப்புக் கண்ணாடிக்குள் நிறங்களை அடுக்குவதற்கு நாங்கள் வரைபடம் போடுகிறோம். அவருக்கு அது கையிலேயே இருக்கிறது.

வேறொரு பக்கம் இருந்தும் இதைப் பார்க்கலாம். பழந்தமிழில் 'பகர்தல்' என்றால் சொல்வது, விற்பதும் பகர்தல்தான். பகர்நர் என்றால் விற்பவர். விற்க வேண்டுமானால் வாய் திறந்து சொல்ல வேண்டும் என்ற காலத்துச் சொல் அது. 'நெல்லும் உப்பும் நேரே, ஊரீர் கொள்ளீரோ' என்று கூவிக்கொண்டு தெருத் தெருவாகப் போகும் உப்பு விற்பவள் அகநானூற்றில் வருகிறாள். இன்றைக்கும் சிவாஜிநகரில் மாலை ஆறு மணிக்கு நின்றால் பகர்தல் காதில் விழும்.

வாய் மூடி, பண்டமே பேச வேண்டிய நிலை எப்போது வந்தது என்று பார்த்தால் இந்தக் கலையின் வரலாறு விளங்கிவிடும். பெரிய கண்ணாடிப் பலகைகள் கிடைக்கத் தொடங்கியதும் 19ஆம் நூற்றாண்டின் பெரிய கடைகள் தெருவைப் பார்த்துத் திறந்துகொண்டன. தெருவில் போகிறவருக்கும் விற்பவருக்கும் நடுவில் கண்ணாடி வந்துவிட்டது. குரல் கேட்காது, காட்சிதான் பேச வேண்டும். சிகாகோவில் எல். ஃபிராங்க் பாம் என்பவர் 1897இல் கடை முகப்பு அலங்காரத்துக்கென்றே ஒரு பத்திரிகை தொடங்கினார். 1900இல் துணிக்கடை முகப்புகளை அலங்கரிப்பது பற்றி ஒரு நூலும் எழுதினார். அதே ஆண்டில் ஆஸ் நாட்டு மந்திரவாதியின் கதையை எழுதி உலகப் புகழ் பெற்றவரும் அவர்தான். சிகாகோ கடையொன்றில் தொழில் பழகிய ஹாரி கார்டன் செல்ஃப்ரிட்ஜ், 1909இல் லண்டன் ஆக்ஸ்ஃபோர்டு தெருவில் சொந்தக் கடை திறந்தார். கடை மூடிய பிறகும் முகப்பில் விளக்கு எரிந்தது.

1916இல் அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரில் கிளாரன்ஸ் சாண்டர்ஸ் பிக்லி விக்லி என்ற மளிகைக்கடையைத் திறந்தார். அங்கே வாங்க வந்தவர்களே அலமாரித் தட்டிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். அதுவரை மேசைக்குப் பின்னால் நிற்கும் ஆளிடம் கேட்டுத்தான் வாங்க வேண்டும். அந்த ஆள் போனதும், 'இது புதுசு, இதை எடுங்க' என்று சொல்லும் வேலை தட்டின் தலையில் விழுந்தது. நம் ஊரிலும் அந்த வழி வந்தது. 1905இல் தொடங்கி, 1936இல் பெங்களூரு பிரிகேட் ரோட்டில் கடை வைத்த நீல்கிரிஸை நிறுவியவர் ஒரு தமிழர். பின்னாளில் அது கூடையோடு உள்ளே போய் நாமே எடுத்துக்கொள்ளும் சூப்பர் மார்க்கெட் ஆனது.

சரி, தமிழில் என்ன சொல்வது? சொல்லுக்குச் சொல் மாற்றினால் 'காட்சி வணிகம்' வருகிறது. கேட்பவர் சினிமாக் கொட்டகை என்றுதான் நினைப்பார். 'பார்வை வணிகம்' என்று வைக்கலாமா என்று எனக்கும் ஒரு சபலம் இருந்தது, ஏனென்றால் கடையில் 'பார்வைக்கு வை', 'பார்வையா இருக்கட்டும்' என்று தினமும் சொல்கிறோம். ஆனால் பழந்தமிழில் பார்வை என்பதற்கு இன்னொரு பொருள் உண்டு. மற்ற மான்களை ஏமாற்றி வலைக்குள் இழுக்க வேடர்கள் பழக்கி வைத்திருக்கும் மான் பார்வை மான். பறவைக்கும் அப்படியே. அது தெரிந்த பிறகு அந்தப் பெயரை என் வேலைக்கு வைக்க மனம் ஒப்பவில்லை. 'ஜோடனை' நல்ல பேச்சுவழக்குச் சொல்தான், ஆனால் பொய்யாக ஜோடித்த வழக்கு என்று செய்தித்தாளில் படித்துப் படித்து அதில் கறை ஏறிவிட்டது.

கடைவிரிப்பில் அந்தச் சிக்கல் இல்லை. தரையில் துணியை விரித்து, அதன் மேல் பண்டத்தைப் பரப்பி உட்கார்ந்தால் கடை. விரிப்பதுதான் கடையைக் கடையாக்குகிறது. வள்ளலார் சொன்னதாக வழங்கும் 'கடை விரித்தேன், கொள்வாரில்லை' என்ற வாக்கைத் தமிழ் பேசுகிறவர்கள் எல்லாரும் கேட்டிருப்போம். அதில் கடை விரிப்பதும் கொள்வதும் எவ்வளவு ஒட்டி நிற்கின்றன பாருங்கள். கொள்வார் வர வேண்டும் என்றுதான் விரிக்கிறோம். ஆங்கிலச் சொல் 'மெர்ச்சண்டைசிங்' என்ற அவ்வளவு பெரிய வாலைக் கட்டிக்கொண்டு சொல்ல வரும் நோக்கம், நமக்கு ஒரு சின்ன வினைக்குள்ளேயே இருக்கிறது. விரி என்ற சொல்லுக்கு மலர்வதும் பொருள். கன்னடத்தில் பூ மலர்வதைச் சொல்லும் 'பிரி'யும் இதன் உறவு. சொல்லின் முன்பாதியைப் பொறுத்தவரை பெங்களூரு நம்மை முந்திவிட்டது. மதுரைக்காஞ்சி காலத்துப் பகல் கடையான நாளங்காடியையும் இரவுக் கடையான அல்லங்காடியையும் நாம் பாட்டில் விட்டுவிட்டு வந்தோம், இங்கே தெருமுனைப் பெட்டிக்கடையும் 'அங்கடி'தான்.

ஒரு மறுப்பு வரும், தெரியும். பிள்ளை புத்தகத்தையும் பொம்மையையும் கூடம் முழுக்கப் பரப்பி வைத்தால், "என்னடா, கடை விரிச்சு வெச்சிருக்க?" என்று அம்மா சத்தம் போடுவாள். ஒழுங்கில்லாமல் பரப்புவது என்ற பொருள் அதில் உண்டுதானே? உண்டு. ஆனால் அம்மாவின் கோபத்தில் வரும் உவமையை வைத்துச் சொல்லைத் தள்ளிவிட முடியாது. உவமைக்கு மூலமான கடையை அல்சூர் கடைவீதியில் நான் தினமும் பார்க்கிறேன். பூ விற்கும் ஒரு அம்மா நனைத்த சாக்கை விரிப்பார், அதன் மேல் வாழையிலை. மல்லிகைச் சரத்தை வட்டமாகச் சுற்றி நடுவில் வைப்பார், கனகாம்பரம் அதைத் தொட்டபடி, மரிக்கொழுந்து ஓரத்தில். கடைசியாகக் கையை நனைத்து ஒரு உதறு. ஒருநாள் கனகாம்பரத்தைத் தள்ளி வைத்தால் என்னம்மா என்று கேட்டேன். "மல்லி பக்கத்துல இருந்தாத்தான், கண்ணு, ரெண்டும் எடுப்பா தெரியும். தனியா வெச்சா ரெண்டுமே தூங்கிடும்" என்றார். கண் முதலில் போய் நிற்கும் இடத்தை 'ஃபோகல் பாயிண்ட்' என்று எங்கள் பயிற்சியில் சொல்வார்களே, அதற்கு 'எடுப்பு' என்ற சொல்லை அந்த அம்மாவிடமிருந்து எடுத்துக்கொண்டேன்.

விரிப்பது என்ற சொல்லை நான் பிடித்துக்கொண்டிருப்பதற்கு இன்னொரு காரணம், அதில் ஒளிக்க இடமில்லை. கண்ணைக் கவரலாம், கண்ணைக் கட்டக் கூடாது. முன்பு வேலை பார்த்த ஒரு கடையில் பட்டுப் பகுதி முழுக்க மஞ்சள் விளக்கு போட்டிருந்தோம். ஜரிகை தங்கமாக ஜொலித்தது. ஒரு பெரியம்மா அரக்கு என்று நினைத்து மகள் நிச்சயதார்த்தத்துக்கு ஒரு புடவை எடுத்துப் போனார். மறுநாள் காலை திரும்பி வந்து, வாசல் வெயிலில் அதை விரித்துக் காட்டினார். வாடாமல்லி. "உங்க வெளிச்சத்துல ஒரு கலரு, சாமி வெளிச்சத்துல ஒரு கலரா?" என்றார். எனக்குப் பதில் வரவில்லை. மாற்றிக் கொடுத்தோம், ஆனால் அந்தக் கேள்வி இன்றும் கூடவே வருகிறது. நிறத்தை உள்ளபடி காட்டும் திறனுக்கு விளக்குகளுக்கு 100 வரை ஓர் அளவு இருக்கிறது. துணிக்கு 90க்குக் கீழே உள்ள விளக்கை இப்போது நான் தொடுவதில்லை. புடவையை வாசலுக்கு எடுத்துப் போய்ப் பார்ப்பவர்களைத் தடுக்கவும் விடுவதில்லை.

இனி கிளைச் சொற்கள். முகப்புக் கண்ணாடியைச் சொல்லும் 'விண்டோ' பழைய நார்ஸ் மொழியில் 'காற்றின் கண்'. நம் முன்னோர் ஜன்னலுக்குக் காலதர் என்று பெயர் வைத்திருந்தார்கள், காற்று வரும் வழி. மான்கண் காலதர் என்று சிலப்பதிகாரம் கண்ணையும் சேர்த்துக்கொள்கிறது. ஆனால் கடைக் கண்ணாடியில் காற்று வராது, அதனால் 'முகப்பு' போதும். 'மானெகின்' டச்சு மொழியில் 'குட்டி மனிதன்' என்பதிலிருந்து வந்தது. அதற்கு யாரும் புதுச் சொல் தேட வேண்டாம், 'பொம்மைக்குப் புடவை கட்டு' என்றுதான் எல்லாக் கடையிலும் சொல்கிறார்கள். எந்தத் தட்டில் எது என்று காட்டும் 'பிளானோகிராம்' அடுக்குப்படம். பணம் கட்டும் இடத்தில், நிற்கிற நேரத்தில் கைக்கு எட்டும்படி வைப்பது கல்லாவோரச் சரக்கு. வேலை செய்பவரைக் கடைவிரிப்பாளர் என்று தயங்காமல் சொல்லலாம்.

தட்டு வரிசையின் கடைசியில், நடைபாதையைப் பார்த்து நிற்கும் சின்ன அடுக்குக்கு மட்டும் வெகுநாள் பெயர் கிடைக்கவில்லை. ஆங்கிலத்தில் 'எண்ட் கேப்'. அதிகம் பேர் கடக்கும் இடம், தள்ளுபடிச் சரக்கு அங்கேதான் முதலில் தீரும். போன மாதம் 'வரிசைத் தலை' என்று நான் சொல்லிப் பார்த்தேன். என்னோடு வேலை பார்க்கும் கன்னடத் தம்பிக்கு விளக்கவே வேண்டியிருக்கவில்லை. அவனுக்கும் தலை 'தலெ'தான். கையில் இருந்த துப்பட்டாக் கட்டை நேராக அங்கே கொண்டுபோய் வைத்தான்.