வகுப்பில் சாதியைக் கேட்டால் என்ன செய்யலாம்? யு.ஜி.சி.யின் 2012 சமத்துவ விதிகள்

முதலாம் ஆண்டு வகுப்பு. "ஸ்காலர்ஷிப் ஃபார்ம் வந்திருக்கு, எஸ்.சி., எஸ்.டி. பசங்க எல்லாம் எழுந்து நில்லுங்க" என்கிறார் பேராசிரியர். வகுப்பே திரும்பிப் பார்க்க, ஆறேழு பேர் எழுகிறார்கள். ஒரு மாணவி மட்டும் குனிந்து பையைத் துழாவிக்கொண்டே உட்கார்ந்திருக்கிறாள். உதவித்தொகை அவளுக்கும் தேவைதான். பேராசிரியர் கெட்ட எண்ணத்தோடு கேட்டிருக்க மாட்டார். ஆனாலும் இது விதிப்படி தவறு.

உயர்கல்வி நிறுவனங்களில் சமத்துவத்தை வளர்ப்பதற்காகப் பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) 2012-ல் கொண்டுவந்த விதிகள் இதைப் பாகுபாடு என்றே சொல்கின்றன. மாணவரின் சாதியையோ மதத்தையோ வகுப்பில் அறிவிக்கக் கூடாது. 'கோட்டாவில் வந்தவர்' என்று முத்திரை குத்தக் கூடாது. மதிப்பெண் குறைந்ததற்குப் பிறப்பைக் காரணம் காட்டிப் பேசக் கூடாது. ஆய்வகத்துக்குள் விட்டுவிட்டு, வேலை எதுவும் கொடுக்காமல் சும்மா நிற்க வைப்பதுகூட இதில் வருகிறது. எனக்கு இந்த விதிகளில் பிடித்ததே இதுதான்: 'இதெல்லாம் ஒரு விஷயமா' என்று தள்ளிவிடும் சின்னச் சின்னக் காயங்களைப் பெயர் சொல்லி எழுதியிருக்கிறார்கள். விடுதி, மெஸ், நூலகம், விளையாட்டுத் திடல் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

சரி, யாரிடம் போவது? ஒவ்வொரு நிறுவனத்திலும் சம வாய்ப்புப் பிரிவும், பாகுபாடு தடுப்பு அலுவலர் ஒருவரும் இருக்க வேண்டும். பல்கலைக்கழகம் என்றால் அவர் பேராசிரியர் நிலைக்குக் குறையாதவராகவும், கல்லூரி என்றால் இணைப் பேராசிரியர் நிலைக்குக் குறையாதவராகவும் இருக்க வேண்டும். மாணவரோ பெற்றோரோ புகார் கொடுக்கலாம். 60 நாளில் முடிவு சொல்ல வேண்டும். அதில் திருப்தி இல்லையென்றால் நிறுவனத் தலைவரிடம் 90 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். நடந்த நாள், இடம், சொன்ன வார்த்தை, உடன் இருந்தவர்கள் எல்லாவற்றையும் சுடச்சுட எழுதி வையுங்கள். மனுவின் நகலில் தேதியோடு கையெழுத்து வாங்காமல் திரும்பாதீர்கள்.

சாதிப் பாகுபாட்டுக்கு ஆளானதாகச் சொல்லப்பட்டு, உயிரை மாய்த்துக்கொண்ட மாணவர்கள் ரோஹித் வெமுலா, பாயல் தட்வி இருவரின் தாய்மார்களும் 2019-ல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனதும் இந்த விதிகள் சரியாக நடைமுறைக்கு வரவில்லை என்பதால்தான். 2026 ஜனவரியில் புதிய விதிகள் வெளியாயின. அதே மாதம் உச்ச நீதிமன்றம் அவற்றை நிறுத்திவைத்து, மறு உத்தரவு வரும்வரை 2012 விதிகளே தொடரும் என்றது.

புகார் வாங்குவதோடு வேலை முடிந்துவிடாது. எல்லாத் தரப்பு மாணவர்களிடையேயும் சமத்துவத்தை வளர்ப்பதும் நிறுவனத்தின் கடமை. அதற்கு மாணவர்கள் ஒருவரோடு ஒருவர் உட்கார்ந்து பேச வேண்டும். விடுதியில் சேர்ந்த முதல் வாரமே "எந்த ஊரு? ஊருக்குள்ளயா, காலனியா?" என்று கேள்வி வந்துவிடுகிறது. அந்தக் கேள்வி கேட்கப்பட்டவருக்கு எப்படி இருக்கும் என்பதிலிருந்தே பேச்சைத் தொடங்கலாம். ஒன்றில் மட்டும் கறாராக இருக்க வேண்டும்: யாரையும் "உன் அனுபவத்தைச் சொல்" என்று கைகாட்டி அழைக்கக் கூடாது. தானாக வாய் திறப்பவர் பேசட்டும், மற்றவர்கள் குறுக்கிடாமல் கேட்கட்டும். மதிப்பெண் போடும் ஆசிரியர் அந்த அறையில் இல்லாமல் இருப்பது நல்லது.

அப்புறம், அந்த உதவித்தொகைப் படிவம். அலுவலகக் கவுண்டரில் வைத்து, வேண்டியவர்கள் வந்து வாங்கிக்கொள்ளலாம் என்று பலகையில் ஒரு வரி எழுதிப்போட்டால் போதும்.