அடைக்கு உட்காராத கோழி

“வனராஜா கோழி வாங்கி விட்டேன் சார். முட்டை நல்லா வைக்குது. ஆனா ஒண்ணுகூட அடைக்கு உட்கார மாட்டேங்குது. ஏதும் சீக்கா இருக்குமா?” பாபநாசம் பக்கமிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார். சீக்கில்லை அம்மா. அது அத்தனை முட்டை வைப்பதே அடைக்கு உட்காராததால்தான்.

ஐதராபாத்தில் உள்ள மத்திய அரசின் கோழி ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய வனராஜாவும், நம் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் நந்தனம் கோழியும் முட்டை, கறி இரண்டுக்கும் ஆனவை. முட்டை, கறி இரண்டும் ஒரே கோழியில் உச்சத்தில் கிடைக்காது. முட்டைக்கென்றே வளர்க்கும் லேயர் ஆண்டுக்கு 300 முட்டை வைக்கும், ஆனால் அதனிடம் சதை இருக்காது. ஆறு வாரத்தில் 2 கிலோ தாண்டும் கறிக்கோழியான பிராய்லரின் வம்சத்தில் முட்டை குறைவு. வனராஜா புறக்கடையில் ஆண்டுக்கு 100 முட்டை போல வைக்கும், சேவலும் எடை போடும். களத்தில் சிதறிய நெல்லையும் வரப்புப் புழுவையும் தானே பொறுக்கிக்கொள்ளும். வண்ண இறகு என்பதால் பருந்தின் கண்ணுக்கும் சட்டென்று படாது.

நம் நாட்டுக்கோழி 12, 15 முட்டை வைத்ததும் நிறுத்திவிடும். அடை 21 நாள். பிறகு இரண்டு மாதம் போலக் குஞ்சுகளோடு அலையும். ஆக, ஆண்டுக்கு மூன்று நான்கு தடவைதான் முட்டை. மொத்தம் 50, 60.

நிறுத்தச் சொல்வது யார்? இந்த இடம்தான் எனக்கு அலுக்கவே அலுக்காதது. கூட்டில் முட்டை சேரச் சேரக் கோழி அதன்மேல் அதிக நேரம் உட்காரும். அடைக்கோழியைத் தூக்கி வயிற்றைப் பாருங்கள்: இறகு உதிர்ந்து, தோல் சிவந்து, தொட்டால் சுடும். அந்த வெறுந்தோலில் முட்டை படும் உணர்வு நரம்பு வழியே மூளைக்குப் போகிறது. மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி புரோலாக்டின் ஹார்மோனைக் கூட்டிச் சுரக்கிறது. பெற்ற தாய்க்குப் பால் சுரக்க வைப்பதும் இதே ஹார்மோன்தான்! அது ஏறியதும் முட்டையிடத் தூண்டும் ஹார்மோன்கள் இறங்குகின்றன. சூலகத்தில் திரண்டு நின்ற மஞ்சள் கருக்கள் சுருங்கி, உடம்புக்குள்ளேயே திரும்ப உறிஞ்சப்படுகின்றன. பசி மங்கி எடை குறைந்தாலும் கோழி எழுந்திருக்காது. முட்டை படுவதால் புரோலாக்டின், புரோலாக்டினால் இன்னும் உட்காருதல் என்று அந்தச் சுற்று தன்னைத்தானே ஓட்டிக்கொள்ளும்.

அடை தெளியக் கோழியைத் தண்ணீரில் முக்குவார்களே, அது இந்தச் சுற்றை அறுக்கும் முயற்சிதான். அதைவிட, அடியில் காற்றோடும் கம்பிவலைக் கூண்டில் சில நாள் விட்டுத் தீனியும் தண்ணீரும் வைப்பது கோழிக்கு நல்லது. ஆனால், இடிக்குப் பயந்து அடைமுட்டையோடு இரும்புத் துண்டும் அடுப்புக்கரியும் வைப்பதில் எந்தப் பயனும் இல்லை. சேவல் சேராத முட்டையும், சூடு தவறிய முட்டையும் இரும்பு வைத்தாலும் கூமுட்டைதான்.

இன்குபேட்டர் வந்தபின் தாய்க்கோழி அடை காத்தாக வேண்டிய கட்டாயம் போயிற்று. அடைக்கு உட்காராதவற்றையே தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கியெடுத்தார்கள். வெள்ளை லெகார்ன் என்ற முட்டைக்கோழி இனத்தில் அடைக்கு உட்காரும் குணம் ஏறக்குறைய அழிந்தேவிட்டது. வனராஜாவிலும் பெரும்பாலும் இல்லை.

இப்படி ஒரு கோழியை உருவாக்கப் பல தலைமுறைக் கோழிகளை எடைபோட்டு, முட்டை எண்ணிக் காத்திருக்க வேண்டும். லாபக் கணக்குப் பார்க்கும் கம்பெனிகள் வீட்டுக்கொல்லைக்காக அந்தப் பொறுமையைக் காட்டும் என்று நான் நம்பவில்லை. அரசுதான் தாராளமாகப் பணம் ஒதுக்க வேண்டும்.

வாசகிக்கு: சேவலோடு சேர்ந்த வனராஜா முட்டைகளை அடையிலிருக்கும் ஒரு நாட்டுக்கோழியின் கீழ் வையுங்கள், பொரித்துக் கொடுக்கும். ஆனால் வனராஜா ஒரு கலப்பினம். அந்தக் குஞ்சுகள் எல்லாம் தாயைப் போலவே எடையும் முட்டையும் தராது. அதே தரம் வேண்டுமென்றால் பண்ணையில் புதுக் குஞ்சுதான் வாங்க வேண்டும்.