சி டிரைவைக் காலி செய்யப் போய் சிஸ்டம் ப்ரொஃபைலை அழித்த கதை

"அண்ணா, காலைல ஆறு மணி ரிப்போர்ட் முதலாளிக்குப் போகலயாம். கத்துறாரு."

ஒரு கம்பெனியின் விண்டோஸ் சர்வரைப் பார்த்துக்கொள்ளும் தம்பி போனில் இப்படிச் சொன்னான். அவனுக்கு, முந்தைய நாள் தான் செய்த காரியத்துக்கும் இதற்கும் தொடர்பு இருக்கும் என்று தோன்றவே இல்லை. துருவித் துருவிக் கேட்டபிறகுதான் விஷயம் வெளியே வந்தது. "நேத்து சி டிரைவ் ஃபுல்லாயிடுச்சுண்ணா. ஒரு போல்டர் மட்டும் 38 ஜிபி இருந்துச்சு. ஏதோ பழைய யூசர் ப்ரொஃபைல்னு தூக்கிட்டேன்."

அவன் தூக்கியது விண்டோஸ் போல்டருக்குள் சிஸ்டம்32, அதற்குள் கான்ஃபிக், அதற்குள் இருக்கும் சிஸ்டம்ப்ரொஃபைல் போல்டரை. உள்ளே நுழையும்போதே விண்டோஸ் "உனக்கு இங்கே அனுமதி இல்லை, தொடரவா?" என்று கேட்டிருக்கும். கன்டினியூவை அழுத்தி, ஷிஃப்ட்டும் டெலீட்டும் சேர்த்து அமுக்கியிருக்கிறான். ரீசைக்கிள் பின்னிலும் கிடைக்காது.

இந்தத் தவறு நடந்ததும் யாருக்கும் உறைக்காது. திரை நீலமாகாது, பின்னணியில் ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம்களான சர்வீஸ்கள் பாட்டுக்கு ஓடும். உபயோகத்தில் இருந்த சில ஃபைல்கள் அழியாமல் அடம்பிடித்திருக்கும். அவற்றை ஸ்கிப் செய்துவிட்டு, 30 ஜிபிக்கு மேல் இடம் கிடைத்த திருப்தியில் வீட்டுக்குப் போய்விடலாம். குறித்த நேரத்தில் தானாக ஓடும்படி அமைத்த ஷெட்யூல்டு டாஸ்க்குகள் ராத்திரி ஓடும்போதுதான் ஒவ்வொன்றாகக் கழன்றுவிழும்.

நமக்கு யூசர்ஸ் போல்டருக்குள் ப்ரொஃபைல் என்று ஒரு வீடு இருக்கிறது அல்லவா? அதுபோல, விண்டோஸ் தன் சொந்த வேலைகளுக்கு வைத்திருக்கும் சிஸ்டம் என்ற கணக்கின் வீடு இது. பெரும்பாலான சர்வீஸ்களும் பல ஷெட்யூல்டு டாஸ்க்குகளும் அந்தக் கணக்கில்தான் ஓடுகின்றன. விண்டோஸின் அமைப்புகள் பதிவாகும் ரெஜிஸ்ட்ரியில், ப்ரொஃபைல்லிஸ்ட் என்ற இடத்தில் எஸ்-1-5-18 என்று ஒரு கீ (பதிவு) இருக்கும். அதுதான் இந்த வீட்டின் முகவரி. கடைசி எண் 19 என்றால் லோக்கல் சர்வீஸ் கணக்குக்கு, 20 என்றால் நெட்வொர்க் சர்வீஸ் கணக்குக்கு. சாதாரண பயனர்களின் எண் எஸ்-1-5-21 என்று தொடங்கி மெஷினுக்கு மெஷின் மாறும். ஆனால் 18, 19, 20 ஆகிய இந்த மூன்றும் உலகத்தில் எந்த விண்டோஸிலும் ஒன்றுதான். ஆகவே யாராவது அந்தக் கீயையே அழித்துவிட்டாலும், அதே பதிப்பு ஓடும் இன்னொரு சர்வரிலிருந்து அந்த ஒரு கீயை மட்டும் எக்ஸ்போர்ட் செய்து கொண்டுவரலாம்.

ஒரு நல்ல காலம், இந்தக் கணக்கின் ரெஜிஸ்ட்ரி பகுதி போல்டருக்குள் இல்லை. பக்கத்தில் டிஃபால்ட் என்ற தனி ஃபைலாக இருக்கிறது. பெயரைப் பார்த்து அது புதுப் பயனர்களுக்கான மாதிரி என்று நினைப்பவர்கள் உண்டு. இல்லை, அது சிஸ்டம் கணக்குக்கே உரியது. புதுப் பயனருக்கான மாதிரி யூசர்ஸ் போல்டருக்குள் இருக்கும் டிஃபால்ட். பெயர் வைத்தவர்களைத்தான் திட்ட வேண்டும்.

"ரீஸ்டார்ட் பண்ணட்டுமாண்ணா?" என்றான். வேண்டவே வேண்டாம் என்றேன். போல்டர் இல்லாத நிலையில் எழும் சர்வீஸ்களில் சில, தாமாகவே புதிதாக உண்டாக்கிக்கொள்ளும். சில எழவே எழாது. எது பழையது, எது நேற்று முளைத்தது என்று பிரிப்பதற்குள் தாவு தீர்ந்துவிடும்.

நான் போய்ச் சேர்வதற்குள் தம்பி சும்மா இருக்கவில்லை. இன்னொரு சர்வரிலிருந்து அதே போல்டரை காப்பி எடுத்துப் போட்டிருந்தான். யோசனை தப்பில்லை, பேக்கப்பே இல்லாதவர்களுக்கு அதுதான் வழி. ஆனாலும் ரிப்போர்ட் வரவில்லை. எக்செல் ஃபைலைத் திறக்க முடியவில்லை என்ற பிழைச் செய்தி மட்டும் லாகில் திரும்பத் திரும்ப இருந்தது.

எனக்கு அந்தச் செய்தி பழைய சிநேகிதம். சிஸ்டம் கணக்கில் எக்செல்லை ஓடவிட்டால், அது தன் ப்ரொஃபைலுக்குள் டெஸ்க்டாப் என்ற போல்டரைத் தேடும். அது காலியாக இருந்தாலும் போதும், ஆனால் இருந்தாக வேண்டும். புதிதாக நிறுவிய சர்வரில் அந்தப் போல்டர் இருக்காது. ஆபீஸ் 32 பிட் என்றால் சிஸ்டம்32இல் உண்டாக்கியும் பயனில்லை. 32 பிட் புரோகிராம்களுக்கான சிஸ்வாவ்64க்குள் இருக்கும் சிஸ்டம்ப்ரொஃபைலில் உண்டாக்க வேண்டும். சர்வரில் இப்படி ஆபீஸை ஓட்டுவதை மைக்ரோசாஃப்டே பரிந்துரைப்பதில்லை. ஆனாலும் ஊரில் பாதி கம்பெனியின் காலை ரிப்போர்ட் இப்படித்தான் போகிறது.

அப்படியென்றால், இங்கே ஏதோ ஒரு காலத்தில் ஒரு புண்ணியவான் அந்தக் காலிப் போல்டரை உண்டாக்கி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். எங்கும் எழுதி வைக்கவில்லை. பக்கத்து சர்வரிலிருந்து எடுத்தது விண்டோஸ் கொடுத்த வீட்டை மட்டும்தான். ஐந்தாறு வருடமாக ஆட்கள் உள்ளே கொண்டுவந்து வைத்த சாமான் அதில் ஏது?

இன்னும் என்ன இருந்திருக்கும் என்று தேடியதில், ஃபைல்களைப் பாதுகாப்பாக அனுப்பும் எஸ்எஃப்டிபி வழியாக ராத்திரி பேக்கப்பை வெளியூர் சர்வருக்கு ஏற்றும் டாஸ்க் கிடைத்தது. அந்தச் சர்வருக்குள் நுழையத் தேவையான சாவி ஃபைல் இதே ப்ரொஃபைலுக்குள் டாட் எஸ்எஸ்எச் போல்டரில் இருந்திருக்கிறது. முந்தைய இரவு எதுவும் ஏறவில்லை, யாருக்கும் தெரியவும் இல்லை. ரிப்போர்ட் நின்றால் முதலாளி கத்துவார். பேக்கப் நின்றால் கத்த ஆளில்லை.

நல்லவேளை, உள்ளூர் டிஸ்கில் இரண்டு நாள் பழைய விண்டோஸ் சர்வர் பேக்கப் இருந்தது. கிளையன்ட் விண்டோஸில் உள்ள சிஸ்டம் ரீஸ்டோர் வசதி சர்வரில் கிடையாது. விண்டோஸின் முக்கியப் பகுதிகளை பேக்கப்பிலிருந்து மீட்கும் சிஸ்டம் ஸ்டேட் ரெகவரி உண்டு, ஆனால் அது ரெஜிஸ்ட்ரி முழுவதையும் இரண்டு நாள் பின்னால் தள்ளிவிடும். ஒரு போல்டருக்காக அதைச் செய்வது மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவது போல. விர்ச்சுவல் மெஷினில், அதன் முழு நிலையையும் பதிந்து வைத்த பழைய ஸ்னாப்ஷாட்டுக்குத் திரும்புவது அதைவிட மோசம், இடையில் போட்ட பில்கள் எல்லாம் போய்விடும்.

அதனால் பேக்கப்பின் டிஸ்க் இமேஜை டிஸ்க் மேனேஜ்மென்ட்டில், ரீட் ஒன்லி டிக் போட்டு, இன்னொரு டிரைவாக அட்டாச் செய்தோம். தம்பி இரவல் வாங்கிவந்த போல்டரைப் பெயர் மாற்றி ஒதுக்கி வைத்தோம். பிறகு ரோபோகாப்பி, விண்டோஸிலேயே இருக்கும் காப்பி கமாண்ட். மவுஸால் இழுத்துப் போட்டால் ஃபைலின் சொந்தக்காரர், அனுமதிகள் எல்லாம் மாறிவிடும். காப்பிஆல் சுவிட்ச் போட்டால் அவையும் கூடவே வரும். ப்ரொஃபைலுக்குள், போன போல்டருக்கே திருப்பிவிட்டுத் தன்னையே சுற்றும் ஜங்ஷன்கள் இருக்கும் என்பதால், அவற்றைத் தவிர்க்க எக்ஸ்ஜே சுவிட்சும் வேண்டும்.

ஓட்டுவதற்கு முன் தம்பியிடம் கேட்டேன்: "38 ஜிபியும் திரும்ப வந்தா சி டிரைவ் மறுபடி ஃபுல்லாகுமே, என்ன பண்ணுவ?" முழித்தான். உள்ளே பார்த்தோம். ஆப்டேட்டா, லோக்கல், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், ஐநெட்கேஷ். அந்த ஒரு மூலையில்தான் 36 ஜிபி. ஏதோ ஒரு சர்வீஸ் இணையத்திலிருந்து இறக்கியதையெல்லாம் சேர்த்துக்கொண்டே வந்திருக்கிறது. அதை மட்டும் எக்ஸ்டி சுவிட்சில் விலக்கிவிட்டு மீதியைக் கொண்டுவந்தோம். பிஎஸ்எக்ஸெக் என்ற மைக்ரோசாஃப்ட் கருவியால் சிஸ்டம் கணக்கில் ஒரு கமாண்ட் விண்டோ திறந்து, எஸ்எஃப்டிபி கனெக்ட் ஆகிறதா, எக்செல் ஃபைல் திறக்கிறதா என்று பார்த்தபிறகே சர்வரை ரீஸ்டார்ட் செய்தோம்.

கிளம்பும்போது தம்பி, பழைய ப்ரொஃபைல்களை அழிக்கத் தான் எழுதி வைத்திருந்த பவர்ஷெல் ஸ்கிரிப்ட்டைக் காட்டினான். 90 நாள் உபயோகிக்காதவை எல்லாம் போகும்படி இருந்தது. ப்ரொஃபைல்களின் விவரம் தரும் வின்32 யூசர்ப்ரொஃபைலில் ஸ்பெஷல் என்று ஒரு ப்ராப்பர்ட்டி உண்டு, சிஸ்டம் கணக்குகளுக்கு மட்டும் அது ட்ரூ என்று இருக்கும். அவற்றை விலக்கும் வரி அதில் இல்லை. அங்கேயே நின்று சேர்த்துவிட்டுத்தான் வந்தேன்.