சார்பு வரைபடங்களை மென்பொருளில் கற்பிக்கும்போது: திரை ஏமாற்றும் இடங்கள்

எக்ஸ்³ − 20எக்ஸ்² என்ற சார்பை ஜியோஜீப்ரா, டெஸ்மோஸ் போன்ற வரைபட மென்பொருள் ஒன்றில் தட்டிப் பாருங்கள். இரண்டு அச்சுகளும் −10 முதல் 10 வரை இருந்தால், திரையில் வருவது கவிழ்ந்த பரவளையம். முப்படிச் சார்புக்கான நெளிவு எதுவும் தெரியாது. ஆதிப்புள்ளிக்கு அருகில் −20எக்ஸ்² என்ற உறுப்பின் கைதான் ஓங்கியிருக்கும். எக்ஸ் 0.7-ஐத் தொடும்போதே வளைவு −9.5 வரை இறங்கி, திரையின் அடிவிளிம்புக்கு வந்துவிடும். உண்மையான தாழ்புள்ளி எக்ஸ் 13.3-க்கு அருகில் இருக்கிறது. அங்கே ஒய் மதிப்பு ஏறத்தாழ −1185. கிடை அச்சை −10 முதல் 25 வரையும் நிலை அச்சை −1500 முதல் 1500 வரையும் மாற்றினால்தான் வளைவு இறங்கி மீண்டும் ஏறுவது தெரியும். முதலில் வந்த திரையைப் பார்த்து ஒரு மாணவர் 'இருபடிச் சார்பு' என்று எழுதினால், அவர் கண்ணில் பட்டதைத்தான் எழுதியிருக்கிறார்.

அதனால் வகுப்பில் ஒரே ஒரு ஒழுங்கை மட்டும் விடாமல் பிடித்துக்கொள்ளலாம்: தட்டுவதற்கு முன் வரைய வேண்டும். சமன்பாட்டைக் கரும்பலகையில் எழுதி, ஐந்து முதல் ஏழு புள்ளிகளுக்கு மதிப்பு அட்டவணை போடச் சொல்லி, தாளில் தோராயமாக ஒரு கோட்டுருவம் வாங்கிவிட வேண்டும். வளைவு அச்சுகளை எங்கே வெட்டும், எக்ஸ் மிகப் பெரிதாகும்போது மேலே போகுமா கீழே போகுமா என்ற இரண்டு கேள்விகளுக்காவது பதில் எழுதியிருக்க வேண்டும். அதன்பிறகே கணினி. தாளும் திரையும் ஒத்துப்போகாத இடத்தில்தான் பாடம் தொடங்குகிறது. ஒரே கணினியும் ஒரு புரொஜெக்டரும் இருக்கும் வகுப்புக்கும் இந்த முறை போதும்.

சாளரத்தின், அதாவது திரையில் தெரியும் அச்சுப் பகுதியின், எல்லை விழுங்கிவிடும் இன்னொன்று: 2-இன் எக்ஸ் அடுக்கும் எக்ஸ் வர்க்கமும் எங்கே சமம்? −10 முதல் 10 வரையான திரையில் இரண்டு வெட்டுப்புள்ளிகள் தெரியும், (2, 4) ஒன்று, (−0.77, 0.59) இன்னொன்று. மூன்றாவது (4, 16)-இல் இருக்கிறது, திரைக்கு மேலே. இந்தக் கணக்கில் இன்னொரு பாடமும் உண்டு. ஜியோஜீப்ரா இயல்பாக இரண்டு தசம இடங்களுக்கு முழுமையாக்கித்தான் காட்டும்; −0.77 என்பது சரியான தீர்வு அல்ல, தோராயம். விடையில் சமக்குறியா, தோராயக் குறியா என்று ஒவ்வொரு முறையும் கேட்க வேண்டும்.

இனி ஸ்லைடர், அதாவது ஒரு கெழுவின் மதிப்பை இழுத்து மாற்றும் பட்டை. கெழுக்களை இழுத்து இழுத்து வளைவை ஆடவைப்பது பார்க்க அழகாக இருக்கும்; ஆனால் மூன்று ஸ்லைடர்களை ஒரே நேரத்தில் மாணவர் கையில் கொடுத்தால் அது விளையாட்டாகவே முடியும். ஜியோஜீப்ராவில் ஸ்லைடர் இயல்பாக −5 முதல் 5 வரை 0.1 படியில் நகரும், டெஸ்மோஸில் −10 முதல் 10 வரை. முதல் பாடத்தில் படியை 1 ஆக மாற்றிவிடுங்கள். முழு எண்ணுக்கு முழு எண் தாவும்போதுதான் 'ஒன்று கூட்டினால் ஒரு கட்டம் நகர்கிறது' என்பது கண்ணில் நிற்கும்.

எந்தச் சார்பை எடுத்துக்காட்டாக வைக்கிறோம் என்பது ஸ்லைடரைவிட முக்கியம். நகர்த்தலைக் கற்பிக்க ஒய் = எக்ஸ் என்ற கோட்டை எடுத்தால், மேலே 2 அலகு நகர்த்துவதும் இடப்பக்கம் 2 அலகு நகர்த்துவதும் ஒரே கோட்டைத்தான் தரும். எக்ஸ் வர்க்கத்தை எடுத்தால் நகர்த்தலில் சிக்கல் இல்லை, நீட்டலில் வரும்: எக்ஸ் இருக்குமிடத்தில் 2எக்ஸ் போட்டால் 4எக்ஸ்² கிடைக்கிறது, கிடைமட்டமாகப் பாதியாக ஒடுக்கியதா, செங்குத்தாக நான்கு மடங்கு நீட்டியதா என்று படத்தைப் பார்த்துச் சொல்லவே முடியாது. எக்ஸ்³ − 3எக்ஸ் போல மேடும் பள்ளமும் உள்ள சார்பில் இரண்டும் பிரிந்து தெரியும். அதை எஃப் என்று ஒருமுறை வரையறுத்துவிட்டு, அடுத்தடுத்த வரிகளில் எஃப்(எக்ஸ்) + 2, எஃப்(எக்ஸ் + 2), 2 எஃப்(எக்ஸ்), எஃப்(2எக்ஸ்) என்று தட்டுங்கள். பிறகு முதல் வரியில் எஃப்-ஐ சைன் ஆக மாற்றினால் மற்ற நான்கும் தாமாகவே மாறிக்கொள்ளும். எஃப்(எக்ஸ் + 2) ஏன் இடப்பக்கம் போகிறது என்ற பழைய குழப்பத்துக்கும் மதிப்பு அட்டவணையை அருகில் திறந்து வைப்பதே மருந்து. வெறும் படம் அதைத் தீர்க்காது.

ஏஎக்ஸ்² + பிஎக்ஸ் + சி-யில் பி-யை மட்டும் நகர்த்தும் பயிற்சியைத் தவறவிடாதீர்கள். பெரும்பாலானோர் பரவளையம் பக்கவாட்டில் நகரும் என்றுதான் எதிர்பார்ப்பார்கள். முனைப்புள்ளியைக் குறித்து, அதன் மேல் வலது சொடுக்கில் தடம் காட்டும் வசதியை இயக்கிவிட்டு பி-யை நகர்த்தினால், முனை நடந்த பாதை இன்னொரு பரவளையம்: சி − ஏஎக்ஸ்². ஏன் என்பதை நிறுவ வர்க்கப் பூர்த்தி போதும். இங்கே மென்பொருள் கேள்வியை எழுப்புகிறது, பதிலைத் தாள் தருகிறது. இந்த அளவுக்கு நன்றாக அமையும் பயிற்சிகள் குறைவு.

எந்த மென்பொருளும் புள்ளிகளைக் கணக்கிட்டு இணைத்துத்தான் வளைவைக் காட்டுகிறது. இதை மாணவர் நேரில் பார்க்க எக்செல் போன்ற விரிதாளே நல்ல இடம். எக்ஸ் மதிப்புகளை 0, 1, 2 என்று ஒன்று ஒன்றாகக் கூட்டி, சைன் 6எக்ஸ் வரையச் சொல்லுங்கள். திரையில் ஏறத்தாழ 22 அலகுக்கு ஒருமுறை திரும்பும் மெதுவான அலை வரும். உண்மையான அலைவின் நீளம் 1.05 அலகு. புள்ளிகள் எல்லாம் சரி, இடையில் நடந்தது மட்டும் காணாமல் போயிற்று. படியை 0.05 ஆக்கினால் அலை வெளிப்படும். 1/(எக்ஸ் − 2)-ஐ 1.9, 2.1 என்று தாண்டி வரைந்தால் −10-ஐயும் 10-ஐயும் இணைத்து நெட்டுக்குத்தாக ஒரு கோடு விழும். அதை வளைவின் பகுதி என்றோ, தொலைத்தொடுகோட்டையே (வளைவு நெருங்கிக்கொண்டே போகும் கோட்டை) மென்பொருள் வரைந்துவிட்டது என்றோ எண்ணிக்கொள்வார்கள். (எக்ஸ்² − 4)/(எக்ஸ் − 2)-இல் நேர் எதிர்: (2, 4)-இல் இருக்கும் துளைக்கு அகலமே இல்லை, எவ்வளவு ஜூம் செய்தாலும் கோடு முழுதாகவே தோன்றும். எக்ஸ் = 2-க்கு மதிப்புக் கேட்டால்தான் வரையறுக்கப்படவில்லை என்று வரும்.

விரிதாளில் மேலும் இரண்டு பொறிகள். 'லைன்' வகை விளக்கப்படம் எக்ஸ் மதிப்புகளை வெறும் பெயர்களாக எடுத்துச் சம இடைவெளியில் அடுக்கிவிடும். 1, 2, 5, 10 என்ற மதிப்புகளுக்கு நேர்கோடுகூட வளைந்து தெரியும். 'ஸ்கேட்டர்' வகையையே தேர்ந்தெடுக்க வேண்டும். இரண்டாவது, எக்செல்லில் =-2^2 என்றால் விடை 4. கழித்தல் குறியை முதலில் எடுத்துக்கொண்டு பிறகு வர்க்கம் செய்கிறது. கீழ்நோக்க வேண்டிய பரவளையம் மேல்நோக்கி நின்றால் முதலில் அடைப்புக்குறியைத் தேடுங்கள்; =-(2^2) என்று எழுதினால் −4 கிடைக்கும்.

கோண அலகும் அப்படித்தான். பாகையில் வைத்த சைன், −10 முதல் 10 வரையான சாளரத்தில் கிட்டத்தட்ட படுத்த நேர்கோடு, ஏனெனில் சைன் 10° வெறும் 0.17. லாக் என்றால் அடிமானம் 10-ஆ, இ என்ற எண்ணா (ஏறத்தாழ 2.718) என்பதும் மென்பொருளுக்கு மென்பொருள் மாறலாம். லாக் 10-ஐத் தட்டி 1 வருகிறதா என்று பார்த்துவிடுவது இரண்டு நொடி வேலை.

அச்சுகளின் விகிதத்தையும் கவனியுங்கள். ஓர் அச்சை மட்டும் இழுத்துவிட்டால் வட்டம் நீள்வட்டமாகும். 2, −1/2 சாய்வுள்ள கோடுகள் ஒன்றுக்கொன்று செங்குத்தாகத் தோன்றாது. சாய்வைக் கண்ணால் ஒப்பிடும் பாடத்தில் 1:1 விகிதம் கட்டாயம். ஜியோஜீப்ராவில் வரைபரப்பின் மேல் வலது சொடுக்கினால் அந்தத் தெரிவு கிடைக்கும்.

மதிப்பீட்டுக்கு, வரையச் சொல்லும் கேள்வியால் பயனில்லை. அதை மென்பொருளே செய்துவிடும். ஒரு வளைவைப் புள்ளிக்கோடாக வைத்து, அதன் மேல் சரியாகப் படியும் சமன்பாட்டைத் தட்டச் சொல்லலாம். எந்தக் கெழுவை ஏன் மாற்றினார்கள் என்று ஒவ்வொரு முயற்சிக்கும் ஒரு வரி எழுதவேண்டும். அல்லது தவறான வரைபடம் தெரியும் திரைக் காட்சி ஒன்றைக் கொடுத்து, குறை சாளரத்திலா, படியிலா, அடைப்புக்குறியிலா, கோண அலகிலா என்று கண்டுபிடிக்கச் சொல்லலாம். மேலே சொன்ன சைன் 6எக்ஸ் அலையை அச்சிட்டு, 'இதன் அலைவு நீளம் 22 என்கிறார் ஒருவர். எந்த ஒரு கூடுதல் புள்ளியைக் கணக்கிட்டால் அவர் கூற்று உடையும்?' என்று கேளுங்கள். எக்ஸ் = 0.25 போதும்: சைன் 1.5, அதாவது 0.997. அந்த மெதுவான அலையோ அதே இடத்தில் −0.07-இல் நிற்கிறது.